பாறசாலைப் பக்கத்து ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். ஸ்பெயினுக்குப் போனதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்து, சரக்கு ஏன் இன்னும் கப்பல் ஏறவில்லை என்று ஸ்பெயின்காரர்களுக்கு மெயிலிலும் போனிலும் சமாதானம் சொல்லிச் சொல்லியே கற்ற மொழி அது. இப்போது பவானியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுக்கிறேன். பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன், அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. ஆகவே கேரளத்தின் கடைசி ஊரான பாறசாலைக்குப் போய் வந்த ஆறு நாளைத்தான் என் முதல் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்கிறேன். பஸ் பலகையைப் படிக்க முடியாத ஊர் எனக்கு வெளிநாடுதான்.

போனதற்குக் காரணம் என் மாணவி சாந்தகுமாரி அக்கா. வயது ஐம்பத்தாறு, எல்லையோரத் தமிழ்க் குடும்பம். பாறசாலைக்குப் பக்கத்தில் தனுவச்சபுரத்தில், கல்லூரிக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்து நாளாகிறது. ஒரே மகள் வித்யா. கப்பலில் வேலை பார்த்தபோது பாப்லோ என்கிற ஸ்பானியச் சமையல்காரரைப் பிடித்துப்போய், அவர் ஊரிலேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தை அக்கா போனில்தான் பார்த்தார். பிறகு பூவாரில் காயலோரத்து ரிசார்ட் ஒன்றில் பாப்லோவுக்கு வேலை கிடைத்து, இரண்டு வருடமாக இருவரும் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. வித்யாவுக்கு இப்போது ஏழாம் மாதம். குழந்தை பிறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று பாப்லோவின் அம்மா ரொசாரியோ ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கமும் உண்டு. அக்கா வீட்டு வழக்கத்தில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஏழாம் மாதம் பெண்ணின் அம்மா ஏழு வகைப் பலகாரத்தோடு போய், மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்று, பெண்ணைப் பேறுக்குக் கூட்டிப் போகட்டுமா என்று தன் வாயால் கேட்க வேண்டும். அவர் சரியென்று சொன்ன பிறகுதான் பெண் படியிறங்குவாள். இடையில் ஆள் வைத்துக் கேட்கக் கூடாது. சாந்தகுமாரி அக்கா மூன்று மாதத்துக்கு முன்னால் என் வகுப்பில் வந்து சேர்ந்தது ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள.

வித்யாவுக்குத்தான் ஸ்பானிஷ் தெரியுமே, அவளே சொல்லிவிடலாமே என்று முதல் வகுப்பிலேயே கேட்டேன்.

"கூட்டிட்டு வரப்போற பிள்ளைய வச்சே கேட்டா நல்லாருக்குமா டீச்சர்?" என்றார்.

"மாப்பிள்ளை?"

"அவர் மகன் இல்லியா. அம்மா மனசு நோகக்கூடாதுன்னு எதையாவது மாத்திச் சொல்லிருவார்." திரைக்கு இன்னும் கிட்டே வந்து சொன்னார். "கல்யாணத்துக்கு என்கிட்ட யாரும் கேக்கல டீச்சர். நானும் யார்கிட்டயும் கேக்கல. இது ஒண்ணாவது முறையா நடக்கணும்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. வாக்கியம் தயாரித்துக் கொடுத்தேன். 'ஸெஞோரா ரொசாரியோ, மே தேஹா யேவார் ஆ மி இஹா ஆ மி காசா, பாரா எல் பார்த்தோ?' ரொசாரியோ அம்மா, பிரசவத்துக்கு என் மகளை என் வீட்டுக்குக் கூட்டிப்போக விடுவீர்களா? முதல் மாதத்திலேயே அக்கா மொத்தத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரே ஓர் எழுத்து மட்டும் மக்கர் செய்தது. ரொசாரியோவின் ரொ.

ஸ்பானிஷில் இரண்டு ர உண்டு. ஒன்று 'மரம்' என்பதில் வருகிற ர. நாக்கு நுனி மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடும். இன்னொன்று அதிர்கிற ர. சொல் அதில் தொடங்கினால் அதிர்ந்தே ஆக வேண்டும். அதற்கு நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் அழுந்தி நிற்க வேண்டும். நுனி மட்டும், மேல் முன்பற்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், தொட்டும் தொடாமலும் தளர்ந்து கிடக்க வேண்டும். அப்புறம் மூச்சு. காற்று நுனியைத் தள்ளித் திறக்கும், நுனி திரும்பி வந்து ஒட்டும், காற்று மறுபடி தள்ளும். கண்ணிமைப்பதற்குள் இப்படி மூன்று நான்கு தடவை. இதில் நாக்கு செய்கிற வேலை அநேகமாக ஒன்றுமில்லை, காற்றுதான் அதை ஆட்டுகிறது. நானே ஆட்டிக்கொள்கிறேன் என்று நாக்கு புறப்பட்டால் விறைத்துப்போய், 'த்ர்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கொடியில் போட்ட துணி மாதிரி சும்மா கிடந்தால் போதும் என்று நான் வகுப்பில் சொல்வேன். சொல்வது சுலபம்.

அக்கா விடாமல் முயன்றார். வாயைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கடையில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டார். காப்பி எடுக்க வருகிற பிள்ளைகள் இது என்ன வியாதி என்று கேட்கிறார்களாம். கடைசியில் ஒரு நாள், "டீச்சர், ஒரு நடை நேர்ல வந்து என் நாக்கைப் பாருங்க" என்றார். பல் டாக்டரைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார். எனக்குப் போக ஆசைதான், கூடவே ஒரு பயமும் இருந்தது. பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அந்த ர எனக்கும் வராது.

முதல் நாளே பஸ்ஸில் ஏமாந்தேன். பாறசாலை ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற பஸ்ஸைக் காட்டி ஒருவரிடம் "தனுவச்சபுரம்?" என்று கேட்டேன். அவர் தலையை ஒரு மாதிரி அசைத்தார். எங்கள் ஊரில் அந்த அசைப்புக்கு ஆமாம் என்று அர்த்தம். ஏறி, ஜன்னலோரம் பிடித்து, காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து மலையாளத்தில் என்னவோ கேட்டார். நான் விழித்ததைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"இது நெய்யாற்றிங்கர போறதாக்கும். ஆரு ஏறச் சொன்னது?"

"ஒருத்தர் தலையாட்டினாருங்க."

"அது தெரியாதுன்னு ஆட்டினதா இருக்கும். சாரமில்ல, உதியங்குளங்கரையில இறக்கி விடுதேன். ஆட்டோ பிடிச்சாப் போதும்."

சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தமாம். ஆறு நாளில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். இறங்கும் இடம் வந்ததும் கண்டக்டர் மணிக்கயிற்றை ஒரு இழு இழுத்தார். எங்கள் ஊர்க் கண்டக்டர்கள் விசில் ஊதி ஊதியே நம் காதைத் தீர்த்துவிடுவார்கள். இங்கே கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நிற்கிறது, இரண்டு தடவை இழுத்தால் போகிறது, அத்தனை அமைதி. இறங்கும்போது, முன்சீட்டுப் பெண்கள் இருவர் என்னைப் பற்றி மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை ஒருத்தி சொன்னது இது: "பாவம், கோயிலுக்கு வந்தவள் போல. பையைப் பார், ஒரு மாதத்துக்குத் துணி வைத்திருக்கிறாள்."

அக்கா கடை வாசலிலேயே காத்து நின்றார். திரையில் பார்த்ததைவிட உயரம். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சுக்கு போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரும் இரண்டு ஏத்தக்காய் அப்பமும் கொடுத்தார். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. பவானியில் பஜ்ஜி என்றால் வாழைக்காய்தான், பழத்தை யாரும் எண்ணெயில் போட மாட்டோம். முதல் கடியில் இது என்ன கொடுமை என்று நினைத்தேன். மூன்றாவதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பயிற்சி தொடங்கியது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஸ்டூலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தேன். நல்ல நாக்குதான். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்து, காற்று போகிறதா என்று பார்த்தோம். காகிதம் ஆடியது, நாக்கு ஆடவில்லை. 'த்தா த்தா த்தா' என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போய் மூச்சை விடச் சொன்னேன். அக்கா முகம் சிவக்கச் சிவக்கச் சொன்னார். அதற்குள் பிராஜக்ட் பைண்டிங்குக்கு வந்த இரண்டு மாணவிகள் வாசலிலேயே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் பூவாருக்குப் போக வேண்டும், நாள் குறித்தாகிவிட்டது. அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. "என் நாக்கு தடிச்ச நாக்கு டீச்சர். விட்டுருங்க" என்றார்.

பதினோரு மணி வாக்கில் மெஷின் காகிதத்தை மென்று துப்பியது. அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அப்புறம் வந்தது ஒரு பேச்சு.

"எலே, நீ மாத்திப் போட்ட றப்பர் றோளரு பின்னயும் தேஞ்சு கெடக்கு. ஒரு மாசம் ஆகல்ல. றோட்டுல கெடந்தத எடுத்து மாட்டினியா? பிள்ளைகளுக்குப் பரீட்ச வருது, இப்பம் வாறியா இல்லியா?"

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். றப்பர். றோளர். றோடு. மூன்று சொல்லிலும் முதல் எழுத்து அதிர்ந்தது. மாட்ரிட்காரர் கேட்டாலும் குறை சொல்ல முடியாத அதிர்வு. எங்கள் பக்கம் ர, ற என்பதெல்லாம் பரீட்சைத் தாளில் மட்டும்தான் வேறு வேறு. வாயில் இரண்டும் ஒன்றாகிப் பல காலம் ஆகிறது. இங்கே ற இன்னும் வாயில் சுகமாக இருக்கிறது.

"அக்கா, இப்போ போன்ல சொன்னதை மறுபடி சொல்லுங்க."

"எது டீச்சர்? ரப்பர் ரோலரா?" சுத்தமாக, டிவி செய்தி வாசிக்கிற பெண் மாதிரி சொன்னார். ஒரு தட்டு, அவ்வளவுதான்.

"அப்படி இல்ல. மெக்கானிக்கிட்ட சொன்ன மாதிரி."

அக்காவுக்கு முகம் கூசிவிட்டது. "அது எங்க பேச்சு. உங்ககிட்ட அப்பிடிப் பேசலாமா? நீங்க டீச்சர் இல்லியா, தமிழ்நாட்டுக்காரங்க. உங்ககிட்ட நல்ல தமிழ்ல பேசணும்னுதானே மூணு மாசமா பாத்துப் பாத்துப் பேசுதேன்."

மூன்று மாதம் வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்தப் பெண்மணி எனக்கு மரியாதை கொடுப்பதற்காகத் தன் பேச்சையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். தேடிக்கொண்டிருந்த ர அதோடு சேர்ந்து உள்ளே இருந்திருக்கிறது. என்னிடம் மெக்கானிக்கிடம் பேசுவது மாதிரியே பேசுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "ஸெஞோரா றொசாரியோ" என்றார்.

நாக்கு தன் பாட்டுக்கு அதிர்ந்துவிட்டு ஓய்ந்தது. அக்கா கண்ணைத் திறந்தார்.

"இதாக்குமா? இதுக்காக்குமா நான் முக்கி முக்கிச் செத்தது?"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பில் என்னை மறந்து நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூர்ந்து பார்த்தார். "டீச்சர், நீங்க இன்னொருக்கா செல்லுங்க." சொன்னேன். "இன்னொருக்கா." சொன்னேன். "டீச்சருக்கு இது வராதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. வராது அக்கா என்றேன். கம்பெனியில் இருந்தபோது ஒரு ஸ்பெயின்காரர் நான் பேசுவதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, போனிலேயே தன் ஆட்களோடு சேர்ந்து சிரித்ததையும், அதற்குப் பிறகு வகுப்பில் அந்த எழுத்து வந்தால் பதிவு செய்த குரலைப் போட்டுச் சமாளிப்பதையும் சொன்னேன். மாணவியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிற டீச்சரை அவர் என்ன நினைப்பாரோ என்றிருந்தது.

அக்கா எழுந்து, என் கன்னத்தில் கையை வைத்தார். "சாரமில்ல. ர வரல்லன்னா என்ன, நீங்க வந்தியளே" என்றார். மெக்கானிக் வந்து சேரும்வரை, மெஷின் துப்பிய காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முழுக்கப் பலகாரம். பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கிற முந்திரிக்கொத்துதான் அதில் தலைமை. முந்திரி ஒன்றுகூட இல்லாமல் அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன், அக்காவுக்கும் தெரியவில்லை. நான் உருட்டியவை ஒரே அளவில் வரவில்லை. அவற்றைப் பாத்திரத்தின் அடியில் போட்டு மறைத்தார் அக்கா. வேலை நடந்துகொண்டே இருக்க, வாக்கியமும் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து, "மே தேஹா யேவார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நேரம் கரண்டியை வைத்துவிட்டு, "அவிய என்ன பதில் செல்லுவாவ டீச்சர்? அத எனக்குப் படிச்சுத் தரல்லியே" என்றார். 'ஸீ' என்பார், சரி என்று அர்த்தம், என்றேன். இருவரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஆட்டோவில் கிளம்பினோம். மடியிலும் காலடியிலுமாக ஏழு தூக்குப் பாத்திரம். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். பத்தரை மணிக்குள் கேட்டாக வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். டிரைவர் எங்களைவிடப் பதறிப்போய், வந்த பஸ்ஸைக் குறுக்கே நின்று மறித்து ஏற்றிவிட்டார். பஸ்ஸில் கூட்டம். ஏழு பாத்திரமும் ஏழு பேர் மடிக்குப் போனது. எங்கள் ஊரில் ஒரு பாத்திரத்தை யாரிடமாவது கொடுத்தால் உள்ளே என்ன என்று கேட்ட பிறகுதான் வாங்குவார்கள். இங்கே வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கேட்டார்கள்.

"மகளப் பேறுக்கு விளிக்கப் போறியளா?" என்றார் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்.

"ஆமா. மருமகனுக்க அம்மை ஸ்பெயினாக்கும். அவிய பாஷையில கேக்கணும்."

"எப்பிடிக் கேப்பிய? செல்லுங்க கேக்கட்டு."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் முழு வாக்கியத்தையும் சொன்னார். பக்கத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் மீன்கூடை அம்மாள், "கொள்ளாம். இவ்வளவு கேட்டா ஆரும் குடுப்பாவ" என்று மெச்சினார். பூவாரில் ஏழு பேரும் பாத்திரங்களை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்த பிறகுதான் அடுத்த மணி விழுந்தது.

வீடு காயலைப் பார்த்து இருந்தது. நெய்யாறு கடலில் சேரும் இடம் கொஞ்ச தூரத்தில் வெளுத்துத் தெரிந்தது. கதவைத் திறந்த ரொசாரியோ அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். குட்டையான வெள்ளை முடி, பூப்போட்ட பருத்தி கவுன். அக்காவைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். இரண்டு கையிலும் பாத்திரத்தோடு நின்ற அக்கா தப்பிக்க வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். பாப்லோ வேலைக்குப் போயிருந்தார். வித்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அம்மா அதை ஸ்பானிஷில் செய்யப்போவது தெரியாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு வழியெல்லாம் உத்தரவாகியிருந்தது. நான் சுவரோரம் நின்றேன்.

அக்கா பாத்திரங்களை வரிசையாக வைத்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு எதிரே நின்றார். கேட்டார்.

ஒரு எழுத்து பிசகவில்லை. ரொ அதிர்ந்தது, மகள் என்ற சொல்லில் மட்டும் குரல் கொஞ்சம் இடறியது. வித்யா வாயில் கை வைத்துக்கொண்டாள். ரொசாரியோ அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்து, கேட்டதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டார். காயலைப் பார்த்து யோசித்தார். பிறகு, அன்பாகத்தான், "நோ" என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அக்கா குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களோ, இல்லை என்று யாரும் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. சொன்னால் என்ன செய்வது என்று வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

ரொசாரியோ அம்மா தொடர்ந்து பேசினார். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "முழுசும் செல்லுங்க டீச்சர். ஒண்ணும் கொறைக்கப்பிடாது" என்றார்.

நான் சொன்னேன். "நீங்கள் என்னை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் நானும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒரே மகன். அவன் கல்யாணத்தன்று எனக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதைப் பார்க்கவில்லை. இதையாவது பார்க்க வேண்டும் என்று இந்த வயதில் தனியாக விமானம் ஏறி வந்தேன். அவன் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறான். இவளோடுதான் நான் பேசுகிறேன், சாப்பிடுகிறேன். இவளையும் கூட்டிப்போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதற்கு?"

வித்யா நிமிர்ந்தாள். "எங்க பெறணும்னு என்கிட்ட ஆராவது கேட்டியளா?" என்று தமிழில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை. இரண்டு அம்மாக்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "எனக்கு ரெண்டு பேரும் வேணும். அவ்வளவுதான்."

எனக்கு ரொசாரியோ அம்மா மேல் கோபம் வந்தது. மூன்று மாதம் எண்ணெய்ச் சட்டியிடமெல்லாம் கேட்டுப் பழகியவருக்கு இப்படியா பதில் என்று. அக்காவிடம் கோபம் இல்லை. வித்யாவிடம் போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழப்பிடாது மக்கா. கேட்டா இல்லன்னும் செல்லலாமில்லா. அதுக்குத்தானே கேக்கது. உன்னைப் பெற என்னைக் கூட்ட வந்தப்பம் எங்கம்மையும் இப்பிடித்தான் நின்னு கேட்டா. உங்கப்பனுக்க அம்மை சரின்னாவ. அவியளுக்கு மனசுல என்ன உண்டாயிருந்துன்னு ஆருக்குத் தெரியும்? இவிய நெசத்தச் செல்லுதாவ."

பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். கிளம்பப் போகிறோம் என்று நினைத்து நான் பையை எடுத்தேன். திரும்பி வந்தவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத நான் படிக்கல்ல. நீங்களே கேட்டுத் தாருங்க" என்றார்.

"என்ன கேக்கணும் அக்கா?"

"பேறு முடியது வரைக்கும் நான் இங்க நிக்கட்டான்னு கேளுங்க."

நிற்பது என்றால் இங்கே தங்குவது. வித்யா அம்மாவையே பார்த்தாள். மகள் பெற்றெடுக்கும்வரை அவள் புகுந்த வீட்டில் அம்மா கை நனைப்பதில்லை என்பதும் அதே வழக்கம்தான். இந்த இரண்டு வருடத்தில் அக்கா இங்கே ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. வந்தால் வாசலோடு பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

நான் கேட்டேன். அந்த வாக்கியத்தில் அதிர்கிற ர எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் தடுமாறியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. ரொசாரியோ அம்மா எழுந்து தன் அறைக்குள் போனார். அலமாரி திறக்கிற சத்தமும், ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தமும் கேட்டன. ஒரு கை நிறையத் தன் கவுன்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவற்றைச் சோபாவில் போட்டுவிட்டு, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அலமாரியின் ஒரு பாதி காலியாக இருந்தது.

அக்கா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பிள்ளே, குடிக்க வெள்ளம் தா" என்றார் மகளிடம். வித்யா கொண்டுவந்த தண்ணீரை அந்த வீட்டில் முதல் தடவையாக, ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் தனுவச்சபுரத்துக்குப் போய் அக்காவின் துணிகளையும், மாத்திரை டப்பாவையும், பிரசவத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த எண்ணெய்களையும் நானே எடுத்து வந்து கொடுத்தேன். இந்தத் தடவை சரியான பஸ். ஆறாம் நாள் பவானிக்குக் கிளம்பினேன். ஏத்தக்காய் அப்பம் நான்கு கட்டிக் கொடுத்தார்கள், திருநெல்வேலி வருமுன் தீர்ந்தது. அதிரும் ர எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வகுப்பில் இப்போது அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சரியாகச் சொல்கிற ஓர் அக்கா பூவாரில் இருக்கிறார், வேண்டுமானால் போன் நம்பர் தருகிறேன் என்கிறேன்.

பத்து நாள் கழித்து, வழக்கமான வகுப்பு நேரத்துக்கு அக்கா கூப்பிட்டார். திரையில் பின்னால் சமையலறை. ரொசாரியோ அம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டு, திரும்பி எனக்குக் கரண்டியை ஆட்டினார். அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மெக்கானிக்கிடம் பேசுகிற பேச்சில், மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், ஒரு வாக்கியம் வேணும். வித்யாவுக்கு நான் வச்ச கஞ்சியில இவிய அந்த ஒலிவு எண்ணெய ஊத்துதாவ. தினமும் ஊத்துதாவ. வேண்டாம்னு எப்பிடிச் செல்லணும்?"

"'நோ' தானே அக்கா. அவங்க வாயாலயே கேட்டீங்களே."

"அது தெரியும்" என்றார். "அதச் செல்லத்தான் எனக்கு நாக்கு எழும்பல்ல."